ஓர் அங்குலத் தொய்வு வேண்டும்!

"செயின் லூசாக இருக்கிறது. நன்றாக இறுக்கிவிடு, தம்பி!"

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது.

இந்தப் பேச்சில் பாதி சரி, பாதி தவறு.

செயின் லூசாகத் தொங்கினால் அதைச் சரி செய்ய வேண்டும். அது சரி. ஆனால், "நன்றாக இறுக்க" வேண்டும் என்பது தவறு. இறுக்கினால் வண்டிக்குப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. தொங்கும் செயின் சத்தம் போட்டு எச்சரிக்கிறது. இறுகிய செயினோ சத்தம் இல்லாமல் வண்டியைத் தின்கிறது!

இன்று நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்தான் குடும்ப வண்டி. அப்பா ஓட்டுகிறார். அம்மா பின்னால் இருக்கிறார். நடுவில் குழந்தை. இத்தனை உயிர்களையும் இழுத்துச் செல்வது ஒரு செயின். ஆகவே, அதைப் பற்றி வண்டி ஓட்டுகிறவர் மட்டும் அல்ல, வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

கொடிக் கயிறு

துணி உலர்த்தக் கொடி கட்டுகிறோம். கயிற்றை வீணைத் தந்திபோல் விறைப்பாகக் கட்டிப் பாருங்கள். ஈரச் சேலை ஒன்றைப் போட்டதும் என்ன ஆகிறது? சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறது! கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் அதே கயிறு, அதே ஆணி, நான்கு சேலைகளைத் தாங்குகிறது.

செயினும் அப்படித்தான். அதற்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும். நம் ஊரில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றுக்கு இந்தத் தொய்வு 20 முதல் 30 மில்லிமீட்டர். அதாவது, ஏறக்குறைய ஓர் அங்குலம்.

தொய்வு ஏன்?

என்ஜின் பக்கம் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது. பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது செயின்.

முன்னால் இருக்கும் பல்சக்கரம் தன் இடத்தை விட்டு நகராது. ஆனால், பின்சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. அதைத் தாங்கும் ஃபோர்க், கதவு கீலில் ஆடுவதுபோல் ஆடுகிறது. அந்தக் கீல் இருக்கும் இடம் வேறு. முன் பல்சக்கரம் இருக்கும் இடம் வேறு. ஆகவே, ஆள் ஏறி வண்டி அமுங்கும்போது, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சற்றுக் கூடுகிறது. முன் பல்சக்கரம், கீல், பின்சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் மிக அதிகம். அப்போது செயின் மிகவும் இறுகுகிறது.

பட்டறையில் வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. மேலே ஆள் இல்லை. அப்போதே செயினை விறைப்பாக வைத்துவிட்டால், மூன்று பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது என்ன ஆகும்? நாணேற்றிய வில்போல் விறைக்கும். அதற்கு மேல் நீள இடம் இல்லை.

ஆள் இல்லாத வண்டியில் இருக்கும் ஓர் அங்குலத் தொய்வு, ஆள் ஏறிய வண்டிக்காக விட்டு வைத்த இடம்!

இறுகினால் என்ன கெடும்?

விறைத்த செயின் முன்னும் பின்னும் இழுக்கிறது. முன்னால், கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டையும் அதன் பேரிங்கையும் இழுக்கிறது. அங்கே உள்ள சீல் கெட்டு ஆயில் கசியலாம். பின்னால், சக்கரத்தின் பேரிங் தேய்கிறது. நடுவில் செயினே தேய்ந்து நீண்டுபோகிறது.

"இறுக்கினால் மைலேஜ் கூடும்" என்று சிலர் சொல்வார்கள். கூடாது. விறைத்த செயினைச் சுற்றவே என்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும்.

செயின் கெட்டால் செயினை மாற்றலாம். கியர் பெட்டியின் பேரிங் கெட்டால்? என்ஜினையே பிரிக்க வேண்டும். எது பெரிய செலவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தொங்கினால் என்ன ஆகும்?

அதற்காகச் செயின் தாராளமாகத் தொங்கலாம் என்று நான் சொல்லவில்லை. அளவுக்கு மேல் தொங்கினால் அது செயின் கவரில் "கடகட"வென்று அடிக்கும். கியர் போடும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் வண்டி உதறும். பிறகு பற்கள் மேல் ஏறித் தாவும். கடைசியில் ஒரு நாள் கழன்று விழும்.

நடுரோட்டில் வண்டி நின்றுபோவதோடு போனால் நல்லகாலம். கழன்ற செயின் பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வேகமாகப் போகும்போது இது நடந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? நினைத்துப் பாருங்கள்!

இறுக்கமும் ஆபத்து, தளர்ச்சியும் ஆபத்து. அளவுதான் பாதுகாப்பு.

கோணல் வேண்டாம்

தொய்வு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. செயின் நேர்கோட்டிலும் ஓட வேண்டும்.

பின்சக்கரத்தின் அச்சுக்கு இரண்டு பக்கமும் திருகுகள் உண்டு. அவசரத்தில் சிலர் ஒரு பக்கத்துத் திருகை அதிகமாகவும், மறு பக்கத்தைக் குறைவாகவும் திருப்பிவிடுகிறார்கள். சக்கரம் கோணலாக நிற்கும். செயின் பக்கவாட்டில் உரசும். பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகத் தேயும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதுபோல் தோன்றும்.

இதைத் தவிர்க்கவே ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கோடுகள் போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் மூன்றாவது கோட்டில் இருந்தால், வலப்பக்கமும் மூன்றாவது கோட்டில்தான் இருக்க வேண்டும்.

சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து நம் ஊருக்குப் பழகிய வண்டி அது. அதில் திருகுக்குப் பதிலாக நத்தை ஓடுபோல் வளைந்த தகடுகள் இரண்டு இருக்கும். தகட்டின் ஓரத்தில் வரிசையாக வெட்டுகள் இருக்கும். இரு பக்கமும் ஒரே வெட்டில் நிறுத்த வேண்டும். எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடிய காரியம்!

அடிபட்ட வண்டியாக இருந்தால் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஃபோர்க்கின் கீலிலிருந்து சக்கரத்தின் அச்சு வரை ஒரு நூலைப் பிடித்து, இரு பக்கமும் அளந்து பாருங்கள். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

செயினைச் சரி செய்யப் பட்டறைக்குப் போகலாம். ஆனால், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீடே போதும். பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நியூட்ரலில் வைத்து நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சில வண்டிகளைப் பக்க ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கச் சொல்லியிருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

செயின் முழுவதும் மூடிய வண்டியானால், கவரில் ஒரு சிறிய ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றுங்கள். உள்ளே செயின் தெரியும்.

இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ச் செயினின் மையத்தில் விரலை வைத்து மேலே தள்ளுங்கள். பிறகு கீழே இழுங்கள். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளவுங்கள். அதுதான் தொய்வு.

ஓர் இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் திருப்பி மறுபடியும் அளவுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்யுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ, அந்த இடத்து அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து நிமிடம் போதும். மழையில் ஓடிய வண்டிக்கும், நாள் முழுவதும் சாமான் கொண்டு போகும் வண்டிக்கும் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

விரல் பத்திரம்!

என்ஜின் ஓடும்போது செயினில் துணி வைத்துத் துடைக்கவே கூடாது. துணி சிக்கினால் விரலும் உள்ளே போகும். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே அகப்பட்ட விரல் மீளாது. சக்கரம் தானே சுற்றினால் வேலை சுலபம் என்று என்ஜினைப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம்! கையால் சுற்றுங்கள். அப்போதும் பல்சக்கரத்தின் பக்கம் விரல் போகக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் ஊற்றியும் கழுவாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சில செயின்களின் கண்ணிகளில் உள்ள ரப்பர் வளையமும் கெட்டுப்போகும். துடைத்துவிட்டு, செயினுக்கு உரிய ஆயிலை அளவாக விட்டால் போதும்.

பட்டறையில் கேளுங்கள்

தொய்வு சரியில்லை என்றால் பட்டறைக்குப் போங்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று அருகில் நின்று பாருங்கள்.

அச்சின் பெரிய நட்டைத் தளர்த்துவார்கள். இரு பக்கத் திருகுகளையும் சம அளவில் திருப்புவார்கள். கோடுகளைப் பார்ப்பார்கள். பிறகு பெரிய நட்டை நன்றாக இறுக்குவார்கள். கவனியுங்கள்: தொய்வு வேண்டியது செயினுக்குத்தான், நட்டுக்கு அல்ல!

நட்டை இறுக்கும்போது அளவு மாறக்கூடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "அண்ணே, ஒரு தடவை அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். தன் வேலையைக் காட்டுவதில் அவருக்கும் பெருமைதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். பிரேக்கைப் பார்த்தாயிற்றா? பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில், செயினைச் சரி செய்யச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால், பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபடும். பெடலை மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும். டிரம் சூடாகும். பெட்ரோல் வீணாகும். ஆகவே, செயினில் கை வைத்தால் பிரேக்கையும் சரி பார்த்தே ஆக வேண்டும்.

செயினை இணைக்கும் கிளிப் உள்ள வண்டியில், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாறிப் போட்டால் கிளிப் கழன்று ஓடிவிடும்.

சேலை பத்திரம்!

நம் சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் செயின் இடப்பக்கம் இருக்கிறது. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது கால் தொங்குவதும் இடப்பக்கம்தான். சேலையும் துப்பட்டாவும் தொங்குவது அங்கேதான்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது அந்த விதி.

ஆனால், சில இளைஞர்கள் அழகுக்காகச் சேலைத் தடுப்பையும் செயின் கவரையும் கழற்றிவிடுகிறார்கள். செயின் கவர் கடகடக்கிறது என்று கழற்றுகிறவர்களும் உண்டு. கடகடப்பது கவரின் குற்றமா? தொங்கும் செயினின் குற்றமாகவும் இருக்கலாமே! செயினைச் சரி செய்யாமல் கவரைக் கழற்றுவது, நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவது போன்றது.

பெல்ட் வந்துவிட்டதே!

"இனி எல்லாம் பெல்ட் வண்டிதான். செயின் பேச்சு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு.

பெல்ட் புதிது அல்ல. செயினுக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் இருந்தது அது! 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் முதலில் தோல் பெல்ட்தான் இருந்தது. மழையில் நனைந்தால் தோல் வழுக்கும். 1912-ஆம் ஆண்டில் அவர்கள் செயினைக் கொண்டுவந்தார்கள். பிறகு 1980-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் பல் வைத்த உறுதியான பெல்ட்டைக் கொண்டுவந்தது. இன்று நம் ஓசூரில் உருவாகும் ஏத்தர் 450 வகை மின்சார ஸ்கூட்டரிலும் பின்சக்கரத்தைச் சுற்றுவது பெல்ட்தான்.

பெல்ட்டில் நன்மை உண்டு. சத்தம் குறைவு. ஆயில் வேண்டாம், விடவும் கூடாது. ஆனால், தொய்வுக் கணக்கும் நேர்கோட்டுக் கணக்கும் அதற்கும் உண்டு!

பெல்ட் தளர்ந்தால் பற்கள் தாவும். விறைத்தால் பேரிங் தேயும். கோணலாக ஓடினால் சக்கரத்தின் ஓர விளிம்பில் உரசிக் கிறீச்சிடும். பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரியும். செயினில் கண்ணி கழன்றால் ஒரு கண்ணியை மாற்றலாம். பெல்ட் அறுந்தால் ஒட்டுப்போட முடியாது. முழுவதையும் மாற்ற வேண்டும்.

ஹார்லி வண்டியில் 10 பவுண்டு, அதாவது சுமார் 4½ கிலோ பலத்தில், கீழ் பெல்ட்டைத் தள்ளிப் பார்க்க ஒரு கருவி உண்டு. அந்தப் பலத்துக்குப் பெல்ட் எவ்வளவு வளைகிறது என்பதே அளவு. வண்டிக்கு வண்டி அது மாறும். ஓடி வந்த சூட்டோடு அளக்கக் கூடாது. பெல்ட் ஆறியிருக்க வேண்டும். இங்கேயும் மிக இறுக்கமான இடம்தான் கணக்கு. பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் நார் முறிந்துவிடும்.

பெட்ரோல் ஸ்கூட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் வேறு வகை. அதற்குத் தொய்வைச் சரி செய்யும் திருகு கிடையாது. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆக, செயினானாலும் பெல்ட்டானாலும் அளவு என்ற சட்டம் மாறவில்லை.

எத்தனை நாள் இறுக்குவது?

எதற்கும் ஒரு முடிவு உண்டு. திருகு கடைசிக் கோடு வரை போய்விட்டதா? பின் பல்சக்கரத்தின் மேல் செயினைப் பிடித்து இழுத்தால் பல் தெரியும்படி விலகுகிறதா? பற்கள் கொக்கிபோல் வளைந்துவிட்டனவா? அப்படியானால் செயின் ஓய்வு கேட்கிறது என்று பொருள்.

அப்போது செயினை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும். செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வீடு வீடாகச் சாப்பாடும் சாமானும் கொண்டு போகும் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள்தான் ஏர், அதுதான் மாடு. செயினை மாற்றும் செலவு அவருக்குச் சின்னச் செலவு அல்ல. அன்றைய சம்பளமும் போகிறது. ஓர் அங்குலத்தை அளந்து வைத்தால் அந்த நாள் தள்ளிப்போகும்.

என்ன செய்ய வேண்டும்?

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தொய்வின் அளவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கையேட்டின் நடுப்பக்கத்தில் அச்சிட்டால் யாருக்கு என்ன பயன்? வண்டியின் மேலேயே, செயினுக்குப் பக்கத்தில், படம் போட்டு, பெரிய எண்ணில், தமிழில் எழுதி ஒட்டுங்கள். இலட்ச ரூபாய் வாங்கும் வண்டியில் இதற்கு இடம் இல்லையா?

பட்டறைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் தட்டிப் பார்த்தே அளவு சொல்லும் அனுபவம் உங்களுக்கு உண்டு. அதை மதிக்கிறேன். ஆனாலும், ஒரு ஸ்கேலைச் சுவரில் மாட்டி வையுங்கள். பணம் கொடுப்பவருக்கு அளந்து காட்டுங்கள். உங்கள் பட்டறைக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறு இல்லை.

வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி ஓட்டுவது ஒருவராக இருக்கலாம். அதில் போகும் உயிர்கள் பல. தாய்மார்களே, கேஸ் அடுப்பின் குழாயைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதுபோல இதையும் பாருங்கள். பிள்ளைகளிடம் ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தில் படித்த மில்லிமீட்டர் எதற்கு என்று அவர்களுக்கும் புரியும்.

இனிமேல் பட்டறைக்குப் போனால், "நன்றாக இறுக்கிவிடு" என்று சொல்லாதீர்கள்.

"அளந்து வை, தம்பி!" என்று சொல்லுங்கள்.